மே மாதத்தில் மூலிகை வரையப் போனேன்

மெயில் வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. தரங்கம்பாடியில் மூன்று மாதம் தங்கி, அந்தக் கடற்கரையின் நிலத்தையும் மூலிகைகளின் வரலாற்றையும் வரைய வேண்டும். தங்குமிடம் இலவசம், மாதம் 25,000 ரூபாய், முடிவில் ஒரு கண்காட்சி. பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டுப் பிழைக்கிறவள் நான். தவளையின் இதயத்தை ஒரே புத்தகத்துக்காக ஒன்பது முறை திருத்திக் கொடுத்திருக்கிறேன். உனக்குப் பிடித்ததை வரை, காசு தருகிறோம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்தில் எந்த மாதம் என்று யோசிக்கவில்லை, பணம் எப்போது வரும் என்று கேட்கவில்லை, ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைப் புரட்டவே இல்லை. கைக்கு வந்திருந்த 60,000 ரூபாய் பாடப்புத்தக வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மே 15 அன்று மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கினேன். அடுத்த மூன்று மாதத்தில் ஒரு வாரம் கண் சரியாகத் தெரியாமல் கிடந்தேன், பத்து நாள் தப்பான செடியை வரைந்தேன், பதினோரு தாள் பூஞ்சணம் பிடித்துப் போயின. இப்படி ஓவியர்களை ஓர் ஊரில் தங்கவைத்து வேலை செய்யச் சொல்லும் ஒரு ரெசிடென்சிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தரங்கம்பாடியை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருந்தது. கோட்டையும் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் அச்சகமும் எல்லாருக்கும் தெரியும். செடி கொடி விஷயத்தில் அந்த ஊர் எவ்வளவு பெரியது என்பது அதிகம் பேருக்குத் தெரியாது. சீகன்பால்குவோடு இருந்த கிரண்ட்லர் 1711-லேயே தமிழ் வைத்தியத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு கைப்பிரதி எழுதினார். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர் கோயனிக் 1768-ல் மருத்துவராக இங்கே வந்தார். கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'கோயனிகி' அவர்தான். தினமும் தாளிக்கிறோம், ஆளைத் தெரியாது. 1776-ல் வந்த ராட்லர் ஊர் ஊராகச் செடி சேகரித்தார்; பிற்காலத்தில் தமிழ்–ஆங்கில அகராதியும் தொகுத்தார். இவர்கள் பார்த்த செடிகளை அதே மணலில் தேடி வரைவது என் திட்டம். அதில் நடுநாயகமாக நான் வைத்திருந்தது இம்பூறல். தரையோடு படரும் சின்னச் செடி, கடுகளவு வெள்ளைப் பூ. வைத்தியர்கள் இரத்த இருமலுக்கு அதைச் சொல்வார்கள். சாயத்தொழிலில் அதற்கே சாயவேர் என்று பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளின் சிவப்பு அதன் வேரிலிருந்து வந்தது. 1795-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் ராக்ஸ்பரோ வெளியிட்ட சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூலின் முதல் தொகுதியிலேயே அதற்குப் படம் இருக்கிறது. மருந்தும் சாயமும் ஒரே வேரில். ஓவியருக்கு வேறென்ன வேண்டும்?

முதல் தப்பு இங்கேயே ஆரம்பித்தது. அந்தப் பழைய செடிமாதிரிகள் ஊரில் எங்காவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். எதுவும் இல்லை. ராட்லருடையது லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது, மற்றவை ஐரோப்பாவின் வேறு வேறு நகரங்களில். அதே சமயம் ராக்ஸ்பரோவின் மூன்று தொகுதிகளும், அவருக்கு அடுத்த தலைமுறைத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் சென்னையில் அச்சிட்ட தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கியூவில் உள்ள உலர்மாதிரிகளின் படங்களையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். வீட்டில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து ஒரு மாதத்தில் பார்த்து முடித்திருக்க வேண்டியதை, தரங்கம்பாடியில் ஒரு கோடு மட்டும் காட்டும் சிக்னலில் பார்த்தேன். ஆவண வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். ஊருக்குப் போய்ச் செய்யவேண்டியது ஊரில் மட்டும் செய்ய முடிகிற வேலையை.

இரண்டாவது தப்பு மாதம். கத்திரி வெயிலில் அந்தக் கடற்கரையைப் பார்த்திருக்கிறீர்களா? மணல் வெள்ளையாகக் கண்ணைக் கூசும். புல் எல்லாம் துடைப்பக்குச்சி நிறம். நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில். சின்னச் சின்ன மூலிகைகள் முளைப்பதும் பூப்பதும் அதற்குப் பிறகு, மார்கழி தை மாசியில். இது பள்ளிக்கூடத்தில் படித்த விஷயம். ஆனால் ரெசிடென்சி அறிவிப்பில் மே முதல் ஆகஸ்ட் வரை என்று போட்டிருந்தபோது அது செடிக்கு எந்தக் காலம் என்று எனக்குத் தோன்றவில்லை. அறிவிப்பைத் தயாரித்தவர்களுக்கும் தோன்றியிருக்காது. வெளிநாட்டுக் கல்லூரி விடுமுறையை வைத்துப் போட்ட தேதி என்று அப்புறம் தெரிந்தது. முதல் வாரம் முழுக்கக் காலையில் ஐந்தரைக்கே கிளம்பி மணல் மேடுகளைச் சுற்றினேன். கிடைத்தது எருக்கு, நொச்சி, ஆடாதோடை, வேம்பு, புங்கு. அலையடிக்கிற ஓரத்தில் அடும்பங்கொடி மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் ஊதாப்பூ பூத்துக் கிடந்தது. சங்கப் பாட்டிலேயே வருகிற கொடி, அழகுதான், ஆனால் நான் எழுதிக்கொடுத்த திட்டத்தில் இருந்த இருபத்திரண்டு செடிகளில் பதினேழைக் காணவில்லை. செடியை வரையப் போகிறவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே செடியின் நாட்காட்டியை எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது முளைக்கும், எப்போது பூக்கும், எப்போது காயும். தேதி ஒத்துவரவில்லையா, மாற்றித் தரமுடியுமா என்று கேளுங்கள். கேட்டால் வாய்ப்பு பறிபோய்விடும் என்று பயப்படவேண்டாம். என்னோடு தேர்வான ஒருவர் கேட்டிருக்கிறார், ஜனவரிக்கு மாற்றியும் கொடுத்திருக்கிறார்கள்.

இருபதாம் நாள் வாக்கில் நான் தங்கியிருந்த வீட்டின் பின்னால், கைப்பம்பில் துணி துவைக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில், ஒரு செடியைப் பார்த்தேன். மெல்லிய இலை, கடுகளவு வெள்ளைப்பூ, நான்கு இதழ். இம்பூறல்! ஓடிப்போய்ப் பலகையை எடுத்துவந்து அந்த ஈரத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்து நாள். லென்ஸ் வைத்து ஒவ்வொரு கணுவாகப் பார்த்து, மூன்று பெரிய தாள் முடித்தேன். பெருமை தாங்காமல் படத்தை ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆசிரியைக்கு அனுப்பினேன். "படம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது நீங்க தேடுற செடி இல்லம்மா, அதோட ஒண்ணுவிட்ட தங்கச்சி" என்றார். இம்பூறலின் அதே பேரினம், வேறு இனம். நான் வரைந்ததில் ஒரு காம்பில் இரண்டு மூன்று பூதான் இருந்தது. இம்பூறலில் காம்பின் நுனியில் கொத்தாகக் குடைபோல் நிற்கும். வேரைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை. பூ அழகில் மயங்கி வேரைத் தோண்டவே இல்லை. சாயவேரை வரைய வந்தவள் வேரைப் பார்க்கவில்லை என்றால் சிரிக்கமாட்டார்களா, சிரித்தார்.

அந்தத் தங்கச்சிச் செடிக்குக் கேரளத்தில் பற்படாகம் என்று பெயராம். நம் பக்கத்து வைத்தியத்தில் பற்படாகம் என்றால் அது வேறு செடி, குடும்பமே வேறு. வடக்கே அதே பெயரில் மூன்றாவதாக ஒன்று. மூன்றையும் காய்ச்சலுக்குத்தான் கொடுக்கிறார்கள். மூலிகை வரலாற்றில் கை வைக்கிறவர்கள் முதலில் தடுக்கி விழுகிற இடம் இதுதான். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தச் செடியானாலும் வரைவதற்கு முன் முழுச்செடி, இலையின் முன்பக்கம் பின்பக்கம், கணு, பூவை நேராகவும் பக்கவாட்டிலும், காய், வேர் எல்லாவற்றையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுப்பேன். ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமாக ஏதாவது ஏற்றி, தினமும் தாளை மாற்றுவேன், மாற்றாவிட்டால் கறுத்துவிடும். யார் என்ன பெயர் சொன்னார்கள், எந்த ஊரில் என்று குறித்துக்கொள்வேன். இதையெல்லாம் செய்து, தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் தாளில் கை வைப்பது. இரண்டு நாள் தாமதமாகும். பத்து நாள் போகாது.

அடுத்து கண். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் பிழைத்தது அதிர்ஷ்டம். இம்பூறல் இல்லை என்றானதும் கோபத்தில் கண்ணெதிரே நின்ற எருக்கையே வரைவோம் என்று உட்கார்ந்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டு, "ஏம் பாப்பா, ஊர்ல வேற செடியே இல்லையா, எருக்கப் போயி எழுதுற?" என்று கேட்டுவிட்டுப் போனார். பூங்கொத்தை நிழலுக்குக் கொண்டுபோய் வரையலாம் என்று ஒரு கிளையை வெட்டினேன். பால் கொட்டியது. விரலில் பட்டதைத் துணியில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். வெயிலில் வேர்த்து வழியும்போது கண்ணைக் கசக்காமல் இருக்க முடியுமா? லேசாக எரிந்தது, அவ்வளவுதான். ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலை வலது கண்ணில் எல்லாம் புகைமூட்டமாக இருந்தது. ஜன்னல் கம்பியைச் சுற்றி வளையம் வளையமாக ஒளி. வலி பெரிதாக இல்லை. அதுதான் மோசம். வலி இல்லையே, சரியாகிவிடும் என்று அரைநாள் சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் பயம் வந்து பஸ் பிடித்துக் கண் டாக்டரிடம் போனேன். கருவிழி வீங்கியிருக்கிறது என்றார். "எருக்கம்பாலா?" என்று நான் சொல்வதற்கு முன்பே கேட்டார். பூ பறித்து மாலை கட்டுகிறவர்கள் இப்படி வருவார்களாம். இந்தப் பாலில் வலி மரத்துப்போய்விடும், உள்ளே கெடுதல் நடந்துகொண்டிருக்கும் என்றார். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, ஒரு வாரம் வரையக்கூடாது. பார்வை முழுதாகத் திரும்ப எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் இருட்டு அறையில் படுத்துக்கொண்டு, கை இருந்து கண் இல்லாத ஓவியராக என்ன வேலை செய்யலாம் என்று யோசித்ததை இங்கே எழுதப் போவதில்லை. எருக்கு, கள்ளி, ஊமத்தை எதை வெட்டினாலும் கையுறையும் சாதாரணக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பால் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு, பத்துப் பதினைந்து நிமிஷமாவது விடாமல் கழுவிவிட்டு, வலி இருக்கிறதோ இல்லையோ அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள்; எனக்கும் சொன்னார்கள். வேண்டாம். மருத்துவச் செலவு 3,800 ரூபாய் என் கையிலிருந்து. ரெசிடென்சியில் மருத்துவக் காப்பீடு உண்டா என்று கேட்கவேண்டிய கேள்வியும் நான் கேட்காத கேள்விகளில் ஒன்று.

கண் சரியாகும் நாட்களில்தான் ஒரு வைத்தியர் ஐயாவின் பழக்கம் கிடைத்தது. எண்பது வயதிருக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் பேசுவார். இம்பூறலை எப்படிப் பறிப்பது, எதோடு சேர்ப்பது, எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் சொன்னார். "இம்பூறலைக் காணாம ரத்தம் கக்கிச் செத்தான்னு ஒரு சொலவடை உண்டும்மா" என்றார். போனில் பதிவு செய்துகொண்டேன். கண்காட்சியில் படத்துக்குக் கீழே அந்த முறையை அவர் பெயரோடு எழுதி வைப்பதாகத் திட்டம். அதைக் கௌரவம் என்று நினைத்தேன். வரைவைக் காட்டப் போனபோது அவர் மகன் வாசலிலேயே நிறுத்தினார். "நீங்க எழுதி மாட்டிட்டு ஊருக்குப் போயிடுவீங்க மேடம். நாளைக்கு எவனாவது அதைப் பார்த்து அரைச்சுக் குடிச்சிட்டு ஆஸ்பத்திரியில படுத்தா எங்கப்பா பேருதான் அடிபடும். இல்லன்னா எவனாவது பாக்கெட் போட்டு விப்பான். ரெண்டுல எது நடந்தாலும் எங்களுக்கு என்ன?" எனக்குப் பதில் இல்லை. இருமலில் ரத்தம் வந்தால் முதலில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கவேண்டிய காலத்தில், சுவரில் மருந்து முறையை எழுதி வைப்பது எவ்வளவு பொறுப்பில்லாத வேலை என்று அவர் சொல்லித்தான் உறைத்தது. முறையை எடுத்துவிட்டேன், பெயரையும் எடுத்துவிட்டேன், பதிவை அவர் முன்னாலேயே அழித்தேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் என்று 2002-ல் ஒன்று வந்திருக்கிறது; அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. ஊராட்சி அளவில் குழு அமைத்து, மக்களின் மூலிகை அறிவைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்கிறது சட்டம். ஓவியம் வரைவதற்கு அது குறுக்கே வராது. ஆனால் ஒருவர் வாயிலிருந்து வாங்கிய அறிவைப் பரப்பவோ விற்கவோ போகும்போது அது யாருடையது என்ற கேள்வி இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே எதற்காகக் கேட்கிறேன், எங்கே போடுவேன், எதைப் போடமாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் உள்ள மற்றவர்களும் கேட்கும்படி சொல்கிறேன். சும்மா கேட்டுக்கொண்டு வராமல் அவர்கள் நேரத்துக்கு ஏதாவது கொடுக்கவும் வேண்டும். அந்தத் தொகையை ரெசிடென்சி பட்ஜெட்டில் முதலிலேயே ஒரு வரியாகப் போடுங்கள். கோடியக்கரைக்கு ஒருநாள் போனபோதும் இதே போல ஒரு பாடம். சரணாலயத்துக்குள் ஒரு கிளையை ஒடித்ததைக் காவலர் பார்த்துவிட்டார். 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளேயிருந்து எதையும் எடுக்கக்கூடாது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பினேன். அவர் நல்ல மனுஷர், அதோடு விட்டார்.

செடிதான் கிடைக்கவில்லை, சாயமாவது எடுப்போம் என்று ஜூலையில் இறங்கினேன். நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் பொடி என்று கொடுத்ததை 1,850 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். துணியைக் கடுக்காய்த் தண்ணீரிலும் பாலிலும் நனைத்துக் காயவைத்து, படிகாரம் போட்டு, பொடியைக் கொதிக்கவிடாமல் மெதுவாகச் சூடாக்கி முக்கினேன். வந்தது சிவப்பு இல்லை. பழைய டீக்கறை. நாலு முறை செய்தேன், நாலு விதமான டீக்கறை. பொடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது; பொடியாகிவிட்ட பிறகு யாராலும் பார்த்துச் சொல்லவும் முடியாது. எதை வாங்கினாலும் வேரோடு முழுதாக வாங்குங்கள், பொடி வேண்டாம். அது பாதி. மீதிப் பாதி தண்ணீர். நான் பயன்படுத்தியது போர்வெல் தண்ணீர். பக்கெட்டின் உள்பக்கம் காவி படிந்திருந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இரும்பு. சாயத்தில் இரும்பு கலந்தால் சிவப்பு செத்துக் கறுப்புக்கும் பழுப்புக்கும் போய்விடும். கலம்காரியில் கறுப்புக் கோடு போடுவதே இரும்பை ஊறவைத்த நீரில்தான். இதற்கு மாறாகத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு எடுத்துக் காட்டும். நிலத்தைப் பற்றி வேலை செய்ய வந்திருக்கிறேன் என்று ஆறு பக்கம் திட்டம் எழுதியவள், அந்த நிலம் குழாயைத் திறந்தால் கொட்டுவதைப் பார்க்கவில்லை. மழைத்தண்ணீரோ கேன் தண்ணீரோ வைத்து ஒரு சின்னத் துண்டிலும், ஊர்த் தண்ணீரில் இன்னொரு துண்டிலும் முதல்நாளே சோதித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம்.

தாள் விஷயம் சுருக்கமாக. 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள், ஒன்று 400 ரூபாய், 24 தாள் கொண்டுபோனேன். கடல் காற்றில் ஈரம் ஏறிய தாளைச் சுவரோரம் அலமாரியில் படுக்கப் போட்டிருந்தேன். ஜூலைக் கடைசியில் எடுத்தால் சாம்பல் புள்ளி. பதினொன்று போச்சு, அதில் முடிந்த படம் நான்கு. காற்றுப்புகாத பெட்டி, உள்ளே சிலிக்கா பொட்டலம், வாரம் ஒருமுறை வெயிலில் காட்டிய பொட்டலமாக மாற்றுவது, சுவரைத் தொடாமல் வைப்பது. இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

இப்போது பணமும் அந்த நான்காம் பக்கமும். மாதம் 25,000 என்றால் மாதாமாதம் வரும் என்று நினைத்தேன். முதல் 25,000 வந்தது ஐந்து வாரம் கழித்து. மீதி 50,000 'இறுதி அறிக்கையும் படைப்புகளின் புகைப்படங்களும் சமர்ப்பித்த பின்' என்று எழுதியிருந்தது. வந்தது டிசம்பர் 9. நடுவில் அக்காவிடம் 20,000 கடன். பணம் கொடுக்கும்போதே வரியாகப் பிடித்துக்கொள்ளும் டிடிஎஸ் பத்து சதவீதம் போனதால் மொத்தம் கைக்கு 67,500. செலவு: சாப்பாடு 18,000, தாள் 9,600, பயணம் 6,200, கண் 3,800, பொடி 1,850, கண்காட்சிக்கு ஃபிரேம் போடவும் ஸ்கேன் செய்யவும் 14,500. ஃபிரேம் செலவு என்னுடையது என்று கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு சொன்னார்கள். கூட்டினால் 53,950. மிஞ்சியது 13,550 ரூபாய். கொசுவத்தியைக் கணக்கில் சேர்க்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன 60,000-த்தையும் சேர்க்கவில்லை. (வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டு டிடிஎஸ்ஸைத் திரும்ப வாங்கலாம். நிறைய ஓவியர்கள் இதைச் செய்வதில்லை.)

நவம்பரில் ஒரு தோழி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். ஒரு துணிப்பை. அதன் மேல் என் அடும்பங்கொடி, 450 ரூபாய் விலைச்சீட்டோடு. பையில் எங்கேயும் என் பெயர் இல்லை. ரெசிடென்சி நடத்தியவர்களுக்குப் போன் செய்து கேட்டேன். "மேம், கிளாஸ் ஏழு பார்த்தீங்களா?" என்று அந்தப் பக்கம் பணிவாகக் கேட்டார்கள். ஒப்பந்தத்தின் ஏழாம் விதி, அந்த நான்காம் பக்கத்தில். ரெசிடென்சியில் உருவான எல்லாப் படங்களின் உரிமையும் அவர்களுக்கு, ஒரிஜினல் உட்பட. என் கையெழுத்து கீழே அழகாக இருந்தது. எனக்கு அப்போது ஞாபகம் வந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்தும். ராபர்ட் வைட்டுக்காகத் தென்னிந்தியச் செடிகளை நூற்றுக்கணக்கில் வரைந்த நம் ஓவியர்கள். ராக்ஸ்பரோவின் நூலில் உள்ள 300 படத் தகடுகளை வரைந்த இந்தியக் கைகளின் பெயர் அந்தத் தகடுகளில் இல்லை. ஆனால் அடுத்த தலைமுறையில் வைட் தன் தகடுகளின் ஓரத்தில் இவர்கள் பெயரை அச்சிட்டார். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார். கம்பெனி காலத்தில் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லையே என்று அன்று முழுக்கப் பொருமினேன். யாரைத் திட்டுவது? படிக்காமல் கையெழுத்துப் போட்டவளைத்தான்.

கையெழுத்துக்கு முன் பார்க்கவேண்டியதை இப்போது சொல்லலாம். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவர் ஓவியம் வரையச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமையின் முதல் சொந்தக்காரர் காசு கொடுத்தவர்தான். ஆக ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை, உரிமை நமக்கே என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. 'பதிப்புரிமை ஓவியருடையது' என்று எழுதி வாங்கவேண்டும். உரிமையை எழுதிக்கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எத்தனை வருடம், எந்த நாட்டில், எதற்காக என்று மூன்றையும் குறிப்பிடச் சொல்லுங்கள். 19-ஆம் பிரிவுப்படி காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம், இடம் சொல்லாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். என் ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக, உலகெங்கும்' என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள். கண்காட்சி அட்டவணைக்குப் பயன்படுத்த ஒப்புக்கொள்ளலாம், பை, நாட்காட்டி, கோப்பை என்றால் தனியாகப் பேசவேண்டும். எங்கே அச்சிட்டாலும் பெயர் வரவேண்டும். ஃபிரேம், ஸ்கேன், திரும்பக் கொண்டுபோகும் செலவு யாருடையது என்றும் அதிலேயே. இதையெல்லாம் கேட்டால் திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சம் இருந்தது. இப்போது இல்லை.

மீதிப் பணம் வந்ததும் பொங்கல் கழித்து நான்கு நாள் என் சொந்தச் செலவில் திரும்பப் போனேன். ஊரே வேறு மாதிரி இருந்தது. மே மாதத்தில் வெறும் மணலாகக் கிடந்த மேட்டில் கால் வைக்க இடமில்லாமல் பச்சை. இரண்டாம் நாள் அதே ஆட்டுக்காரப் பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "எருக்கு எழுதுன பொண்ணுதானே? கண்ணு தேவலையா?" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. இம்பூறல் தேடுகிறேன் என்றேன், புரியவில்லை. சாயவேர் என்றேன்.

"சாயவேரா? ந்தா, நின்னுக்கிட்டிருக்கியே அது மேல."

குனிந்து பார்த்தேன். என் செருப்பைச் சுற்றி, குடைக்கொத்து வெள்ளைப்பூ. பாட்டி கம்பியால் மணலைக் குத்தி, ஒரு செடியை அசைத்து அசைத்து மேலே இழுத்தார். செடி ஒரு சாண் இல்லை; வேர் மட்டும் நூல் மாதிரி வந்துகொண்டே இருந்தது, முழங்கை நீளத்துக்கும் மேலே, ஆரஞ்சு நிறத்தில். இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை விரலில் தொட்டு, உள்ளங்கையில் அந்த வேரை வைத்துத் தேய்த்தார். ஆரஞ்சு சிவந்தது. இன்னொரு தேய்ப்பில் ரத்தமாகவே ஆகிவிட்டது.

"வைகாசியில வந்து தேடுனா மேல என்ன இருக்கும்? வேரு எல்லாம் உள்ளல்ல கெடக்கும்" என்று சொல்லிக்கொண்டே கையை என் பக்கம் நீட்டினார். நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அந்த உள்ளங்கையை அப்படியே அதில் ஒற்றிக்கொண்டேன். பாட்டியிடம் கேட்டுக்கொண்டு, பின்பக்கத்தில் அவர் பெயரையும் தேதியையும் எழுதினேன். தரங்கம்பாடியிலிருந்து என்னிடம் இருக்கிற ஒரே தாள் அதுதான்.